கட்டை போட்டாச்சா?

காலையில் பம்ப் என்ஜினுக்கு டீசல் ஊற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஆரோக்கியம் அண்ணனின் மகள் ஸ்டெல்லா. “ஆண்ட்டி, அப்பா போயிட்டாரு” என்றாள். அவள் அழவில்லை. நான் டீசல் கேனைக் கீழே வைத்தேன். மூடியைத் திருகினேன். கேனைத் தூக்கி என்ஜினுக்கு எட்டாத தூரத்தில் சுவரோரமாக வைத்துவிட்டு வந்த பிறகுதான் “எப்பம்மா?” என்று கேட்டேன். எந்தச் செய்தி வந்தாலும் முதலில் கையில் இருக்கும் டீசலை மூடி வை என்று என்னைப் பழக்கியவரே அவர்தான். அவருடைய சாவுச் செய்திக்கும் அப்படித்தான் செய்திருக்கிறேன் என்பது பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

முப்பதாம் நாள் ஜெபத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு சின்ன நினைவு மலர் போடுகிறோம், நீங்களும் எழுதுங்கள் என்று ஸ்டெல்லா கேட்டாள். அதனால் அவரைத் தெரிந்த உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். லாரி ஸ்டாண்டில் அவருக்கு நீங்கள் வைத்திருந்த பெயர் எனக்கும் தெரியும். பயந்தாங்கொள்ளி ஆரோக்கியம். அவர் முகத்துக்கு நேராகவே கூப்பிடுவீர்கள், அவரும் “ஆமாப்பா, இன்னா இப்போ?” என்று கேட்டுவிட்டு டீயைக் குடிப்பார். போனவர்களைப் பற்றி எழுதும்போது எல்லோரையும் அஞ்சா நெஞ்சர் ஆக்கிவிடுவது நம்மிடம் ஒரு வழக்கம். அந்தப் பொய்யை நான் எழுத மாட்டேன். அவர் பயந்தவர். நான் பார்த்த மனிதர்களிலேயே அதிகம் பயந்தவர்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: என் பெயர் வசந்தா. பெங்களூருக்கு வெளியே சந்தாபுராவில் எங்கள் தோப்பில் போர்வெல் இருக்கிறது. என் கணவர் கம்பெனி வேலைக்குப் போய்விடுவார், தண்ணீர் வியாபாரம் என் பொறுப்பு. லாரி ஆரோக்கியம் அண்ணனுடையது, தண்ணீர் எங்களுடையது. இரண்டு பேரும் கூட்டு. வியாபாரத்தில் கூட்டாளிகள் பொதுவாக எதற்குச் சண்டை போடுவார்களோ அதற்கெல்லாம் நாங்கள் சண்டை போட்டதே இல்லை. எங்கள் சண்டை எல்லாம் அவருடைய பயத்தைப் பற்றித்தான்.

அவர் சந்தாபுராவுக்கு வந்ததே பயத்தினால். தொண்ணூற்றொன்றில் காவிரித் தண்ணீர் விஷயமாக ஊர் கொதித்த நாட்களில், பிரேசர் டவுனில் அவர் வீட்டுத் தெருவில் லாரி நின்றிருந்தது. நெற்றியில் பெரிய தமிழ் எழுத்தில் ‘மாதா துணை’. ஒரு டப்பா கறுப்புப் பெயிண்ட் எடுத்து அதன் மேல் பூசினார். பக்கத்து வீட்டுக் கன்னடக்காரர் ஒருவரைத் துணைக்குப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு, பின்பக்கத்துத் தெருக்கள் வழியாகவே ஓட்டி வந்து, எங்கள் தோப்பின் கோடியில் தென்னை மரங்களுக்குப் பின்னால் லாரியை ஒளித்து வைத்தார். என் கணவருக்கு அவர் லேசான பழக்கம், அவ்வளவுதான். நான் சாப்பாடு கொண்டுபோனபோது தட்டை வாங்காமல் “வெளியில இன்னாம்மா சத்தம்?” என்று கேட்டார். எங்கள் மோட்டார்தான் ஓடிக்கொண்டிருந்தது. பெயிண்ட் கறை விரலில் இன்னும் இருந்தது. “மாதா மேலயே கறுப்பு பூசிட்டேன். அவங்க தப்பா எடுத்துக்க மாட்டாங்க. கைக்கொழந்தைய தூக்கினு ஊரை விட்டு ஓடுனவங்கதானே அவங்களும்” என்றார்.

அந்தக் கலவரத்தில்தான் அவருக்குப் பயம் பிடித்தது என்று உங்களில் சிலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அது தப்பு. ஊர் அடங்கிய பிறகு லாரியை ஸ்டார்ட் செய்ய வந்தவர், பத்து நிமிஷம் அதைச் சுற்றிச் சுற்றி நடந்து அடியில் குனிந்து பார்த்தார். “யாரும் ஒண்ணும் பண்ணலண்ணா, பூட்டின கேட்” என்றேன். “ஆளுங்களுக்குப் பயப்படலம்மா. ஆளுங்க கோபம் ஒரு நாள் தணியும். வண்டிக்குக் கோபமே கெடயாது, அதனால தணியவும் தணியாது” என்றார். எனக்கு அப்போது அது புரியவில்லை. பைத்தியம் போலிருக்கிறது என்று கணவரிடம் சொல்லிச் சிரித்தேன்.

அவர் மறுபடி சிட்டிக்குப் போய் லாரியை நிறுத்தவில்லை. வீடு பிரேசர் டவுனில், லாரி எங்கள் தோப்பில் என்று ஆகிவிட்டது. நெற்றியில் மறுபடி பெயரும் எழுதவில்லை. செங்கல் ஏற்றினார், மணல் ஏற்றினார். எலெக்ட்ரானிக் சிட்டிப் பக்கம் அபார்ட்மெண்டுகள் முளைக்க ஆரம்பித்ததும் லாரி மேல் ஒரு பழைய டேங்கை ஏற்றிக் கட்டினோம், தண்ணீர் வியாபாரம் பிறந்தது.

எங்களிடம் இருந்தது ஹேண்டில் போட்டுச் சுற்றுகிற பழைய டீசல் என்ஜின். கரண்ட் போகும்போதெல்லாம் அதுதான் தண்ணீர் இறைக்கும். நான் முதல் முறை ஹேண்டிலைப் பிடித்தபோது, “கைய எடுங்க!” என்று ஒரு கத்து கத்தினார். பாம்பு என்று நினைத்துத் துள்ளிவிட்டேன். பெருவிரலை ஹேண்டிலைச் சுற்றிப் பிடிக்கக் கூடாதாம். மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கமாகப் படுக்க வைக்க வேண்டுமாம். “என்ஜின் சில நேரம் திருப்பி அடிக்கும். அப்போ கை தானா வெளியில வரணும். வெரல் சுத்திக்கினு இருந்தா கையோட திருகிடும்.” சரி என்று தலையாட்டினேன். மழைக்காலத்தில் ஒரு நாள் அது நிஜமாகவே திருப்பி அடித்தது. ஹேண்டில் என் கையை விட்டுப் பறந்து ஷெட்டின் கூரையை உடைத்துக்கொண்டு வெளியே விழுந்தது. நான் என் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன். இன்றைக்கும் பஸ் கம்பியைப் பெருவிரலால் சுற்றி முழுதாகப் பிடிக்க எனக்குக் கை வருவதில்லை.

டயருக்குக் காற்று அடிக்கும் நாளில் எங்கள் தோப்பே ஊரடங்கு போட்ட மாதிரி ஆகிவிடும். பழைய லாரி சக்கரத்தில் டயரைப் பிடித்து வைக்க ஓர் இரும்பு வளையம் உண்டு, லாக் ரிங் என்பார்கள். அது சரியாக உட்காராமல் காற்று ஏறினால் தெறித்துவிடும். அண்ணன் சக்கரத்தைச் சங்கிலியால் சுற்றிக் கட்டுவார், வளையம் இருக்கும் பக்கத்தைத் தரையைப் பார்க்கக் கவிழ்ப்பார், நீளமான குழாயை மாட்டிவிட்டு எல்லோரையும் சுவருக்குப் பின்னால் போகச் சொல்வார். மாடு மேய்க்க வந்தவர்களைக்கூட விட மாட்டார். பஞ்சர் கடை பாய் “இன்னா ஆரோக்கியம், வெடி வெக்கிறியா?” என்று கேலி செய்வார். ஒரு தடவை நான் கேட்டேன், “இப்படித் தெறிச்சு நீங்க பாத்திருக்கீங்களாண்ணா?” கிளீனராக இருந்த காலத்தில் ஒரு பஞ்சர் கடையில் பார்த்தாராம். “ஓட்டுக் கூரையில பெரிய ஓட்டை உழுந்துச்சு” என்றார். “சரி, காத்து அடிச்ச ஆளுக்கு?” என்றேன். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு எழுந்து போனார். அதற்கப்புறம் சுவருக்குப் பின்னால் நிற்கும்போது எனக்கும் சிரிப்பு வரவில்லை. காற்று ஏறுகிற அந்த ‘உஸ்’ சத்தம் நிற்கும் வரை சுவரை விட்டுத் தலையை நீட்ட மாட்டேன்.

கட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வேலமரத்தில் முக்கோணமாகச் செதுக்கியது. வழுக்காமல் இருக்க அடியில் பழைய டயர் ரப்பரை வைத்து ஆணி அடித்திருந்தார். இழுத்து எடுக்க ஒரு கயிறு. அப்படி இரண்டு கட்டைகள் எப்போதும் லாரியில் இருக்கும். நிற்கும் வண்டி உருளாமல் இருக்கச் சக்கரத்துக்கு அடியில் கட்டை வைப்பது எல்லா லாரிக்காரர்களும் செய்வதுதான். ஆனால் நம் ஆள் சமதரையிலும் வைப்பார். கல்யாண வீட்டுக்கு வந்தாலும், யார் வண்டியில் வந்து இறங்கினாலும், “கட்டை போட்டாச்சா?” என்பதுதான் அவர் முதல் கேள்வி. ஒரு தடவை மாதா கோயில் திருநாளில் சாமியாருடைய ஜீப்புக்கு அடியில் செங்கல் வைத்துவிட்டு வந்து பூசையில் உட்கார்ந்தார். சாமியார் புறப்படும்போது ஜீப் முக்கிக்கொண்டு நின்றதும், ஊரே சிரித்ததும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

கட்டையை எடுப்பதற்கும் அவரிடம் ஒரு முறை உண்டு. கீழே நிற்பவர் “எடுக்கட்டுமா?” என்று கத்த வேண்டும். ஓட்டுகிறவர் சீட்டில் உட்கார்ந்து, என்ஜின் ஓடி, கியர் விழுந்த பிறகு மேலே இருந்து “எடு!” என்று பதில் வர வேண்டும். அந்தப் பதில் வராமல் கை வைக்கக் கூடாது. “சீட்டுல ஆள் இல்லாத வண்டிக்குக் கட்டைய எடுக்கிறவன் கொலைகாரன்” என்பார். இவ்வளவு பெரிய வார்த்தையை அவர் வேறு எதற்கும் பயன்படுத்தியதில்லை.

இதையெல்லாம்கூட நான் சகித்துக்கொண்டேன். எனக்கு ஆகவே ஆகாதது அவர் தண்ணீரைக் கீழே விடுவது. டேங்கர் நிறைந்திருந்தால் உள்ளே தண்ணீர் அசைய இடமில்லை. காலியாக இருந்தால் கவலையே இல்லை. பாதி இருந்தால்தான் ஆபத்து. பிரேக் மிதித்ததும் லாரி நிற்கும், உள்ளே தண்ணீர் நிற்காது. அது முன்னால் ஓடி வந்து மோதி லாரியைத் தள்ளும். அதற்காக டேங்குக்குள் தடுப்புத் தகடுகள் வைப்பார்கள். எங்கள் பழைய டேங்கில் அவை துருப்பிடித்து உதிர்ந்துவிட்டன. உள்ளே ஆள் இறங்கி வெல்டிங் வைத்தால் சரியாகும். அதற்கும் பயம். “மூடின டேங்குக்குள்ள ஒருத்தன எறக்கி, பொகையில மயங்கி உழுந்தா யார் தூக்குறது?” என்று வெல்டரைத் திருப்பி அனுப்பிவிட்டார். அதனால் எங்காவது பாதித் தண்ணீர் போதும் என்று சொல்லிவிட்டால், மீதியை அங்கேயே யாருக்காவது கொடுப்பார், ஆள் இல்லாவிட்டால் சாக்கடையில் திறந்துவிட்டுக் காலி வண்டியைத்தான் ஓட்டி வருவார். கோடைக்காலத்தில், குடத்தோடு ஜனங்கள் அலைகிற ஊரில்! எத்தனை பேர் அவரை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறார்கள். நானே கத்தியிருக்கிறேன். “குடிக்கிற தண்ணியண்ணா அது!” “இல்ல வசந்தாம்மா. வீட்டுல இருந்தா குடிக்கிற தண்ணி. டேங்குல பாதி இருந்தா அது தள்ளுற தண்ணி” என்பார்.

ஒரு கோடையில் நடந்ததை உங்களில் பலர் பலவிதமாகச் சொல்கிறீர்கள். நான் அங்கே இருந்தவள்.

ஓர் அபார்ட்மெண்டின் செக்ரெட்டரி, தண்ணீர் உப்பாக இருக்கிறது, நீங்களே வந்து பேசுங்கள் என்று சொன்னதால் அன்றைக்கு நானும் லாரியில் போயிருந்தேன். எங்கள் கிளீனர், தன் தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தார். பேசி முடித்துத் தண்ணீர் விட ஆரம்பித்தால், டேங்கரில் பாதி இறங்குவதற்குள் தொட்டி நிரம்பிவிட்டது. எங்களுக்கு முன்னாலேயே வேறு ஒரு டேங்கரையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். மீதியை உள்ளே எங்கேயும் விடக் கூடாது, அடித்தளத்தில் வேலை நடக்கிறது என்று செக்யூரிட்டி கேட்டை மூடினார். வெளியே வந்தால் ரோட்டில் புதிதாகத் தார் போட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணன் வால்வில் கை வைத்ததுதான் தாமதம், மேஸ்திரி ஓடி வந்தார். “ஏய், இல்லி நீரு பிடபேடா!” இங்கே தண்ணீர் விடாதே என்று கன்னடத்தில் போட்ட சத்தத்துக்குச் சம்மட்டியோடு நாலு பேர் வந்து நின்றார்கள். பின்னால் ஜல்லி லாரி இரண்டு வரிசையாக நின்று ஹாரன் அடித்தன. திரும்ப வழியில்லை. முன்னால் ஒரே வழி, ஏரிப்பக்கம் இறங்குகிற சரிவு. அதன் அடியில் ஒரு டீக்கடை. மதிய நேரம். பக்கத்து ஹாஸ்டல் பிள்ளைகளும் கட்டட வேலைப் பெண்களுமாக அந்த இடத்தில் கூட்டம் நிறைந்திருந்தது.

அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கீழே பார்த்தார். அவர் நெற்றியில் வியர்வை அரும்பியதைப் பார்த்தேன். “எறங்குங்க வசந்தாம்மா” என்றார். “ஏண்ணா, மெதுவாப் போனா போய்டலாம்” என்றேன். “எறங்குங்கன்றேன்ல!” அவர் என்னிடம் அப்படிக் கத்தியது, ஹேண்டிலுக்குப் பிறகு அப்போதுதான். இறங்கினேன். “ரெண்டு கட்டையும் எடுத்துக்குங்க. பின்சக்கரத்துப் பக்கத்துல நடந்து வாங்க. நான் கத்துனா சக்கரத்துக்கு முன்னால போடுங்க. போட்ட ஒடனே கைய இழுத்துக்கணும். லாரி போனா போவட்டும், கை போவக் கூடாது.” அந்தக் காலத்தில் மலைப்பாதையில் கிளீனர்கள் இப்படி நடந்து வருவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். புடவை கட்டிக்கொண்டு யாரும் நடந்ததாகக் கேள்விப்படவில்லை.

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன். சக்கரத்துக்கு அடியில் இருந்த கட்டைகளைப் பார்த்து “எடுக்கட்டுமா?” என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி கத்தினேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. அவர் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார் என்று பின்னால் தெரிந்தது. பிறகு “எடு!” என்றார்.

முதல் கியரில், ஆள் நடக்கிற வேகத்தில்தான் இறங்கியது. என் தோள் உயரத்துக்கு அந்தச் சக்கரம் பக்கத்தில் சுற்றிக்கொண்டு வந்தது. டேங்குக்குள் தண்ணீர் முன்னால் போய் மோதும், பின்னால் வந்து மோதும். ஒவ்வொரு மோதலுக்கும் லாரி ஒரு முறை குலுங்கும். எங்கள் தோப்புத் தண்ணீர்தான், நான் இறைத்த தண்ணீர்தான். அதன் சத்தத்துக்கே நான் பயந்தேன். அந்த லாரிக்கு இறக்கத்தில் கியர் துள்ளி வெளியே வந்துவிடுகிற வியாதி உண்டு. அதனால் ஒரு கையால் கியர்க் கம்பியை அமுக்கிப் பிடித்துக்கொண்டே ஓட்டுவார். சரிவின் நடுவில் ஒரு பள்ளம். சக்கரம் அதில் இறங்கி ஏறியதும் உள்ளே தண்ணீர் மொத்தமாக முன்னால் பாய்ந்தது. ‘டக்’ என்று ஒரு சத்தம். கியர் துள்ளிவிட்டது.

என்ஜின் பிடி விட்டதும் லாரி வேகம் எடுத்தது. பிரேக்கை அவர் மிதிப்பதும் காற்று சீறுவதும் கேட்டன. ஒவ்வொரு மிதிக்கும் சீறல் சின்னதாகிக்கொண்டே வந்தது, பிரேக்குக்கான காற்று தீர்ந்துகொண்டிருந்தது. “போடு!” என்று அலறினார். நான் ஓடினேன். முதல் கட்டையைப் போட்டேன். கை தானாகப் பின்னால் வந்துவிட்டது. சக்கரம் அதன் மேல் ஏறி, ஒரு கணம் நின்று, தாண்டிவிட்டது. கீழே டீக்கடையில் யாரோ எங்களைப் பார்த்து எழுந்து நின்றார். மற்றவர்கள் எழவில்லை. அவர்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேச்சும் சிரிப்பும் எனக்கு இன்னும் காதில் இருக்கின்றன. நான் “ஓடுங்க! ஓடிப் போங்க!” என்று கத்துவதாக நினைத்துக்கொண்டேன். வாயிலிருந்து காற்றுதான் வந்தது.

அண்ணன் லாரியை ஓரத்து மண் மேட்டுப் பக்கம் ஒடித்தார். அந்தப் பக்கம்தான் அவர் சீட். மேட்டில் மோதினால் முதலில் நசுங்குவது அவர்தான். முன்சக்கரம் மண்ணில் புதைந்து வேகம் குறைந்த அந்த ஒரு நொடியில் இரண்டாவது கட்டையைப் போட்டேன். சக்கரம் அதன் மேல் ஏறப் பார்த்தது. ரப்பர் தேய்ந்து புகை வந்தது. உள்ளே தண்ணீர் முன்னால் வந்து ஒரு தள்ளு தள்ளியது. பின்னால் போய், மறுபடி வந்து இன்னொரு தள்ளு. அது அடங்கும் வரை நான் அந்தக் கட்டையையே பார்த்துக்கொண்டு நின்றேன். கட்டை நகரவில்லை.

அவர் கதவைத் திறந்து இறங்கவில்லை, சரிந்து விழுந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்த நிலையிலும் என்னைப் பார்த்துக் கேட்ட முதல் வார்த்தை, “கைய காட்டுங்க.” இரண்டு கையையும் நீட்டிக் காட்டினேன். விரல்களை எண்ணுகிற மாதிரி பார்த்தார். பிறகு தவழ்ந்தே போய் வால்வைத் திறந்துவிட்டார். தண்ணீர் சரிவில் ஓடியது. அதே மேஸ்திரி மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கீழே இருந்து பெண்கள் குடத்தோடு ஓடி வந்தார்கள்.

டீக்கடையில் எங்களுக்கு டீ கொடுத்தார்கள். டம்ளரைப் பிடிக்க முடியாமல் இரண்டு பேரும் கீழே வைத்துக் குனிந்து குடித்தோம். “பயந்துட்டீங்களா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. “நல்லதும்மா. பயம் இருக்கிற வரைக்கும் பிரேக் இருக்குதுன்னு அர்த்தம். இனிமே உங்கள நம்பி நான் வண்டியில உக்காரலாம்” என்றார். அதற்குப் பிறகு அவர் தண்ணீரைக் கீழே விடும்போது யார் திட்டினாலும் பதில் சொல்கிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். நான் திட்டினால் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்துக்குத் தூண் எழும்பத் தொடங்கிய வருஷத்தில் அவருக்கு மூச்சிரைப்பு அதிகமாகிவிட்டது. லாரியை நிறுத்தினோம். கட்டைகள் இரண்டையும் அவர் வீட்டுக்கு எடுத்துப் போனார். ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு நான் பார்க்கப் போனபோது, மாஸ்க்கை விலக்கிவிட்டு என்னைக் கிட்டே கூப்பிட்டார். ஏதோ முக்கியமாகச் சொல்லப் போகிறார் என்று குனிந்தேன். “இந்தக் கட்டிலுக்குச் சக்கரம் இருக்குதும்மா. கட்டை போட்டிருக்காங்களா பாருங்க” என்றார். கீழே பார்த்தேன். சக்கரத்தில் சின்ன லாக் போட்டுத்தான் இருந்தது. சொன்னேன். அவர் நம்பவில்லை. கண்ணில் அன்றைக்குச் சரிவில் பார்த்த அதே பயம். “எங்கயோ எறங்குற மாதிரியே இருக்குது” என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அதை அவரிடம் சொல்லவும் செய்தேன். மறுநாள் ஸ்டெல்லா வீட்டிலிருந்து ஒரு கட்டையைக் கொண்டுவந்து கட்டில் சக்கரத்துக்கு அடியில் செருகினாள். நர்ஸ் தடுக்கிவிட்டுத் திட்டினாராம். அன்றைக்குத்தான் அப்பா கொஞ்சம் தூங்கினார் என்று ஸ்டெல்லா சொன்னாள்.

போன் வந்த காலையில் நான் போய்ச் சேர்ந்தபோது அவரை இன்னும் வார்டிலிருந்து எடுக்கவில்லை. முகத்தை மூடியிருந்தார்கள். இரண்டு ஊழியர்கள் கட்டிலைத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லாக்கை எடுத்துவிட்டார்கள், அப்படியும் கட்டில் நகரவில்லை. “ஜாம் ஆயிடுச்சு போல” என்று ஒருவர் காலால் உதைத்தார். ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும். அவளால் குனிய முடியவில்லை. நான் மண்டி போட்டு உட்கார்ந்தேன். கயிறு கையில் சிக்கியது. சீட்டில் ஆள் இல்லை. எனக்குக் கை வரவில்லை. ஊழியர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது, நான் “எடுக்கட்டுமாண்ணா?” என்று சத்தமாகவே கேட்டேன். கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். கடைசியில் ஸ்டெல்லாதான் சொன்னாள், “எடுங்க ஆண்ட்டி.”

அந்தக் கட்டை இப்போது என்னிடம் இருக்கிறது. இன்றைக்கு எங்களிடம் இருப்பது புது டேங்கர், உள்ளே தடுப்பு எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, பிரேக்கும் நன்றாகப் பிடிக்கிறது. இருந்தாலும் வண்டி வந்து நின்றதும் போய்க் கட்டையைப் போடுகிறேன். புது டிரைவர் சிரிக்கிறார், சிரித்துவிட்டுப் போகட்டும். கிளம்பும்போது “எடுக்கட்டுமா?” என்று கேட்கிறேன். மேலே இருந்து “எடுங்கம்மா” என்று குரல் வருவதற்குள் ஒவ்வொரு நாளும் ஒரு பயம் வந்து நிற்கிறது. இன்றைக்குக் குரல் வராமல் போய்விடுமோ என்கிற பயம். ஆரோக்கியம் அண்ணன் எனக்கு விட்டுப் போனது அதுதான். அதை நான் யார் சொன்னாலும் விடுவதாக இல்லை.